அந்தோணி அண்ணனின் கை தவறவில்லை

செய்தி வந்தபோது வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் கணவர், சமையல் கேஸ் தோம்பு மாற்ற வந்த சீனர். காலை விளக்கு ஏற்றி முடித்திருந்தேன். தொலைபேசியில் ரோசலின், பினாங்கு கெலுகோரில் கார் பட்டறை வைத்திருந்த அந்தோணி அண்ணனின் மனைவி.

"அக்கா, அவரு போயிட்டாருக்கா. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. அவ்வளவுதான்."

அந்தச் சீனரும் தம் லாரியை அண்ணனிடம்தான் விடுவார். விஷயத்தைச் சொன்னதும் புதுத் தோம்பைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். பழையதை எடுக்க மறந்து போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் அண்ணனிடம் வண்டி விட்டவர்களுக்கு அவர் வழக்கம் தெரியும். எண்ணெய் ஒழுகுகிறது என்று போனால் முதலில் சாவியை வாங்க மாட்டார். ஓர் அட்டையைக் கொடுப்பார். அதை வண்டிக்கு அடியில் போட்டுவைத்து மறுநாள் கொண்டுவர வேண்டும். சொட்டு விழுந்த இடத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் எந்த சீல் கசிகிறது என்று சொல்வார். ஒருமுறை வெள்ளிக்கிழமை பூஜைக்காகத் தரையைக் கழுவியபோது அட்டையையும் குப்பையில் போட்டுவிட்டேன்.

"சீல் சொட்டு விட்டுத்தான் பேசும் தங்கச்சி. நீங்க அது வாயையே கழுவி விட்டுட்டீங்களே!" என்றார்.

அதன்பிறகு நோட்டுப் போட்டேன். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எண்ணெய் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு ஊற்றினேன், எல்லாம் எழுதுவேன். அண்ணன் அதை மற்றவர்களிடம் காட்டி, "பாருங்கலா, அடுப்படியில இருக்கிறவங்க எழுதினது. நீங்கள்லாம் ஆபீசரு!" என்று சீண்டுவார்.

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் வண்டியின் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சீல் இறுகிப்போய்க் கசிந்தது. சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம் அது. சாஸர் அளவுதான். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். புதியதை நானே வாங்கி வந்தேன். அதில் தூசு படக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். விபூதி எப்படித் தூசாகும் என்று நினைத்துவிட்டேன். முருகன் படத்தின்முன் வைத்து, தண்ணீர்மலைக் கோயிலில் வாங்கிய விபூதியை அதன் உள்விளிம்பில் மூன்று விரலால் இழுத்தேன். பிறகு முந்தானையால் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

மூன்றே வாரத்தில் அட்டையில் மறுபடியும் சொட்டு.

அண்ணன் வெகுநேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கைதான் கோணலா வெச்சிருச்சு போல" என்றார். மறுபடி தனியாகவே கியர்பாக்ஸை இறக்கினார். நடுவில் இரண்டு முறை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதற்கு, "காத்துதான், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

கழற்றிய சீலின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். மடிப்பில் சாம்பல் நிறத்தில் சேறுபோல் ஒட்டியிருந்தது; பக்கத்தில் கீறல். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். நான் ஒத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"முருகனுக்குப் பூசுங்க, நெத்தியில பூசுங்க. சீலுக்கு எண்ணெதான் பூசணும்லா! சாம்பல் மணல் மாதிரி, ரப்பரத் தின்னுரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் சொல்லாதீங்க, ஊரே சிரிக்கும். கேட்டா என் தப்புன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்படியே சொன்னார், ரோசலினிடமும். வேறு சீல் வாங்கி, விளிம்பில் எண்ணெய் தடவிப் பொருத்தி, மறுநாள் வண்டியைத் தந்தார். அதற்கு அடுத்த காலையில்தான் அந்தத் தொலைபேசி வந்தது.

சாவு வீட்டில் ஒருவர் சொன்னார்: "அந்தோணிக்குக் கை தளந்து போச்சுலா. ஒரே வண்டிய ரெண்டு தரம் இறக்கினாரே." ரோசலின் கேட்டுத் தலை குனிந்தாள். நான் மாலையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

என் நோட்டில் எல்லாம் இருந்தது. விபூதி பூசியது மட்டும் இல்லை. இன்று அதையும் எழுதிவிட்டேன்.

வண்டியோடு அவர் கடைசியாகக் கொடுத்த அட்டை இன்னும் எங்கள் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. தினமும் பூஜை முடிந்ததும் குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு இல்லை. எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தக் காய்ந்த அட்டைதான். அவர் கையைக் குறை சொன்னவர்கள் வந்து பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் பாரத்தை இரண்டாம் முறை அவர் சுமந்தது என்னால்தான். ரோசலின், வெள்ளிக்கிழமைதோறும் நான் கொண்டுவரும் சாப்பாட்டை இதுவரை வாங்கிக்கொண்டாய். இதைப் படித்த பிறகும் நான் வரலாமா, வேண்டாமா? எதுவானாலும் சரி, சீக்கிரம் ஒரு பதில் சொல்.