வாசல் திருப்பிய கூடாரம்

முத்லக் குவைத் நகரத்தில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் மெத்தை, டிவி என்று எல்லாம் இருந்தாலும் குளிர்காலம் வந்தால் மனுஷருக்கு இருப்புக்கொள்ளாது. மனைவி வத்ஹா, மகள்கள், பேரப்பிள்ளைகள், அரிசி மூட்டை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார். அப்பா காலத்திலிருந்து கூடாரம் போடும் பள்ளம் அங்கே இருக்கிறது. மருமகன்கள் கட்டிய முடிச்சையெல்லாம் அவிழ்த்துத் தானே மறுபடி கட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

வடமேற்கே கூப்பிடு தூரத்தில் தம்பி துகைமின் கூடாரம். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய வெள்ளை ஒட்டகத்தை துகைம் விற்றுவிட்டான். பிழைத்து வந்த அப்பா முதலில் கேட்டதே அதைத்தான். அன்றிலிருந்து முத்லக் தம்பிக்கு முதுகைக் காட்டித்தான் கூடாரம் போடுவார். கேட்டால், "வாடைக்காத்து அந்தப் பக்கமிருந்துதானே வருது" என்பார். பாவம், காற்று வந்து மறுத்துப் பேசவா போகிறது?

இந்த வருஷம் ஒரு பிற்பகலில் துகைமே வந்து நின்றான். தாடி நரைத்து, ஆள் பாதியாகியிருந்தான். வாசலுக்கு வந்தவனை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? முத்லக் முகத்தைத் திருப்பிக்கொண்டே காபி ஊற்றினார்.

துகைம் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தான்.

முத்லக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறான். "தந்தேன், குடி" என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை அந்தக் காபியைத் தொடமாட்டான். தொடாமலே எழுந்து போனால் ஊர் முத்லக்கைத்தான் காறித் துப்பும். ஆனால் வாக்குக் கொடுத்தால் அவனோடு ஒட்டவேண்டி வருமே! காபியில் ஆவி அடங்கியது.

பெண்கள் பகுதியை மறைத்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து வத்ஹா பொறுமையிழந்தாள். "என்னங்க, காபி ஆறிப்போச்சா, இல்ல நீங்க ஆறணுமா?"

"சரிடா, தந்தேன். குடிச்சுத் தொலை!"

துகைம் ஒரே மடக்கில் குடித்தான். "தப்பு என்னோடதுதான் அண்ணே. ஆனா காலையில கண்ணு முழிச்சா உங்க கூடாரத்து முதுகுதான் தெரியுது. தாங்க முடியல. வாசலை என் பக்கம் திருப்பிப் போடுங்க."

முத்லக் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மருமகன்கள் திகைத்து நின்றார்கள். துகைம் மறுபக்கக் கயிற்றைப் பிடித்தான். அவன் போட்ட முடிச்சை மட்டும் முத்லக் அவிழ்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் காற்று நேராக உள்ளே புகுந்தது. கறிச்சோற்றுத் தட்டில் மணல் வந்து விழுந்தது.

"இத்தனை வருஷமா காத்து காத்துன்னீங்களே," என்றாள் வத்ஹா, பல்லில் நறநறத்ததைத் துப்பியபடி. "இப்ப வருது பாருங்க!"

எதிரே, துகைம் தன் கூடாரத்து விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தான். முத்லக் மணலோடு இன்னொரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"காத்தா? எங்க அடிக்குது?"