பின் சக்கரத்தை நம்பினேன்

நான் முட்டாள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது செய்தியே இல்லை. இந்த வாரம் ஆதாரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆதாரம் என் வீட்டு வாசலில் நிற்கிறது. என் சின்ன கார். பெரிய வண்டி ஒன்றின் எஞ்சினை அதன் வயிற்றில் திணித்தேன். பிறகு ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, டிக்கியை வெட்டி எறிந்து, முதுகில் மேல்நோக்கித் திறக்கிற கதவு வைத்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "மீதி வண்டி எங்க சாமி?"

வேகம் வந்துவிட்டது. நிற்பதுதான் வரவில்லை. செவிலிமேட்டில் பிரேக்கை மிதித்தால் யோசித்து, மனசு வந்து, எங்கேயோ போய் நிற்கும்.

மெக்கானிக் காதர் பாயும் நானும் கூடிப் பேசினோம். முன் பிரேக்கைப் பெரிதாக்குவதா, பின் பிரேக்கையா? நாங்கள் இருவருமே சைக்கிளில் வளர்ந்தவர்கள். வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் என்ன ஆகும்? ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து முகவாயால் தரையைத் தேய்ப்போம். இருவர் முகவாயிலும் அத்தாட்சி இருக்கிறது. ஆகவே பின் பிரேக்தான் என்று ஏகமனதாக முடிவு செய்தோம். காருக்கு நாலு சக்கரம் என்பது அந்த நேரத்தில் யாருக்குமே ஞாபகம் வரவில்லை...

பின் பிரேக் பெரிதாக வேண்டுமென்றால், அந்தச் சக்கரங்களைத் தாங்குகிற ஆக்ஸிலையே மாற்ற வேண்டுமாம். ஜீப்பினுடையதா, வேனுடையதா? புதுப்பேட்டையில் குவிந்து கிடந்த பழைய சாமான்களுக்கு நடுவே நின்றுகொண்டு, சந்தையில் காளை வாங்க வந்தவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஜீப் ஆக்ஸில் போட்டால் வண்டி வெட்டுக்கிளி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்குமாம். கடைசியில் பாய் ஒரு வேன் ஆக்ஸிலைக் காட்டினார்.

"பிரேக் டிரம்மைப் பாருங்க சார். அண்டா மாதிரி இருக்குது."

அண்டாவில் மயங்கினேன். முன்னால் பழைய கிண்ணம், பின்னால் அண்டா என்று வண்டி தயாரானது.

போன வாரம் விடியற்காலையில் டெஸ்ட்டுக்குக் கிளம்பினேன். தெரு காலியாக இருக்குமே! இந்த ஊரில் பிறந்தவன் நினைக்கிற நினைப்பா இது? வெயில் ஏறுவதற்கு முன் இங்கே தெரு எதற்காகக் காலியாக இருக்கிறது? தறிக்குப் போகிற நீள இழைகளைப் பாவாக விரிக்கத்தானே?

மூலை திரும்பினேன். தெரு ஓரமாக, கழிகளின்மேல், நீளத்துக்கும் அரக்கு நிறப் பட்டு இழைகள்.

ஏகாம்பரத்தின் பாவு. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்கிற மனிதர், தன் மகளின் முகூர்த்தச் சேலைக்காக முதன்முதலாகத் தனக்கென்று விரித்த பாவு. மாப்பிள்ளை வீடு ஸ்ரீபெரும்புதூர். பெண்ணை என் காரில்தான் கூட்டிப் போவேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

வழி இருந்தது. நேராகப் போயிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஆனால் பிரேக்கைச் சோதிக்கத்தானே வந்தேன்? மிதித்தேன்.

அண்டா வேலை செய்தது. பின் சக்கரங்கள் கல்லாக நின்றன. முன் சக்கரங்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. டிக்கியை இழந்து கனமில்லாமல் இருந்த வால், புழுதியில் வழுக்கிச் சுழன்று, பக்கவாட்டில் பாவுக்குள் போய்...

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

ஏகாம்பரம் குடும்பமே பாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தது. ஏகாம்பரம் குனிந்து, டயரில் சுற்றிக்கொண்ட பட்டு இழைகளை மெல்லப் பிரித்தெடுத்தார். அவர் மனைவியும் மகளும் தரையில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிய ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நான் முடிச்சுப் போட்டதையெல்லாம் அந்தப் பெண் சத்தமில்லாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வூட்டுக்குப் போங்க சாமி," என்றார் ஏகாம்பரத்தின் மனைவி. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பாவு தேறவில்லை. புதிதாகப் போட்டு நெய்ய நாளும் இல்லை. தறி இருக்கிற வீட்டுப் பெண், கடையில் எடுத்த சேலையோடு மணையில் உட்காரப் போகிறாள். வெளியூர் வாசகர்களுக்கு இதன் கனம் புரியுமோ என்னவோ. சம்பந்தி வீடும் நெசவு வீடு. முந்தானையைத் தொட்டதுமே, இது ஏகாம்பரத்தின் கை இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

காதர் பாய் வந்து பார்த்தார். முன்னாலும் பெரிய டிரம் போட்டால் சரியாகிவிடுமாம். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? பாவம், அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களைப் போன்றவர்கள் அறிவாளி ஆவது எப்போதும் அடுத்த வீட்டுக்காரர் செலவில்தான் போலிருக்கிறது.

நேற்று சாயங்காலம் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். வேறு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நெய்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே தேய்ந்துவிட்டது. வேறு என்ன சொல்ல? முன் பிரேக்கையும் மாற்றிவிடுகிறேன், கல்யாணத்தன்று பெண்ணைப் பத்திரமாக நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

தறி நிற்கவில்லை. நிமிராமலே சொன்னார்:

"பஸ்ல போய்க்கிறோம் சாமி."