சைவ அரசன்

யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு விட்ட படிப்பை, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு மொன்றியலில் திரும்பப் பிடித்தேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற எனக்கு மேற்பார்வை வேலை கிடைக்க வேண்டுமென்றால் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். மிஞ்சிக் கிடந்தது சரித்திரம் ஒன்றுதான். அதில் தேற, வகுப்புக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் பேச வேண்டும்.

ஐந்நூறு வருடத்துக்கு முந்திய அரசுகளும் சமயங்களும் என்பது தலைப்பு. சோடி சோடியாகப் பேச வேண்டும். ஒருவர் வராவிட்டால் இரண்டு பேருக்கும் சுழியம். ஹெயிட்டிக்காரர் மாலி ராச்சியத்தை எடுத்தார். பெரு தேசத்துச் சகோதரிகள் இன்காவை எடுத்தார்கள். வகுப்பிலிருந்த இரண்டு தமிழரையும், நாங்கள் 'மடம்' என்று கூப்பிடுகிற ஆசிரியை ஒரே மேசையில் இருத்தி, உங்கள் ஊர் அரசரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மற்றத் தமிழர் என்னிலும் மூத்த ஓர் அக்கா. மன்னார், கத்தோலிக்கர்.

யாழ்ப்பாணத்து அரசனின் கோட்டை, நந்திக்கொடி, முத்து வியாபாரம் எல்லாம் எழுதிக் காட்டினேன். அக்கா கடைசிவரை வாசித்தார்.

"மன்னார் எங்க தம்பி?"

எனக்கு விளங்கியது. போர்த்துக்கீசக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்ச் சனத்தை அந்த அரசன் ஆள் அனுப்பிக் கொல்வித்த கதை. அவர்களுடைய கோயிலில் வருடாவருடம் பூசை வைத்து நினைக்கிற கதை.

"வெள்ளைக்காரருக்கு முன்னால அதை ஏன் அக்கா? அவர் நாட்டைக் காப்பாற்றப் பார்த்தவர். எங்கட ஊரில அவருக்குச் சிலை இருக்கு, குதிரையில."

"குதிரையில இருக்கிறவரைத்தான் உங்களுக்குத் தெரியும். கீழ ஆர் கிடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். உங்கட அரசனைப் பற்றி நீர் என்னவும் சொல்லும். மன்னார் இல்லாட்டில் நான் அண்டைக்கு வரமாட்டன்."

லவாலில் இருக்கிற வீட்டுக்குப் போய்த் தாளைத் திரும்ப எடுத்தேன். கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். அரசன் சைவம். சைவத்தைக் காப்பாற்ற மன்னாரில் சனத்தைக் கொல்வித்தான். என் பிரெஞ்சை நம்பாமல் கைத்தொலைபேசியில் தமிழில் அடித்து, அது தந்த பிரெஞ்சை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினேன்.

பேச வேண்டிய அன்று மெத்ரோ ரயிலில் நின்றுகொண்டே பாடமாக்கினேன். அக்கா வருவாரோ, மாட்டாரோ. வந்தார். மன்னாரைச் சேர்த்துவிட்டேன் என்றதும் தலையை ஆட்டி என் பக்கத்தில் வந்து நின்றார்.

கோட்டையும் முத்தும் ஒருமாதிரிப் போய்விட்டன. பிறகு அந்த இரண்டு வரி. சொல்லி முடித்ததும் மடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மரக்கறி உணவைக் காப்பாற்றவா ஆட்களைக் கொன்றார்?"

ஹெயிட்டிக்காரர் மேசையில் தட்டிச் சிரித்தார். "என் டாக்டரும் அந்த அரசரின் சொந்தக்காரர்தான். கோழியைத் தொட்டால் கொன்றுவிடுவார்."

வகுப்பே சிரித்தது. தன்னுடைய செத்த சனத்துக்காக அக்கா கேட்டு வாங்கிய இரண்டு வரி. அதை நான் பகிடியாக்கிப் போட்டேன். அவர் இப்போது கதவைத் திறந்துகொண்டு போனால் என் சான்றிதழும் அவரோடு போய்விடும். திரும்பிப் பார்க்கப் பயம்.

அக்கா போகவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு மெல்லிய குரலில் பிரெஞ்சில் சொன்னார்: எங்கள் பாஷையில் சிவனைக் கும்பிடும் சமயத்துக்கும் மரக்கறிச் சாப்பாட்டுக்கும் ஒரே சொல். இவர் எழுதியது சமயத்தை. செத்தவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சனம். ஞானஸ்நானம் பெற்றதற்காகச் செத்தார்கள். கொல்வித்தவர் எங்கள் அரசர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மடம் எதையோ எழுதிக்கொண்டார். "இரண்டு பேரும் பாஸ்" என்றார்.

படியிறங்கும்போது கேட்டேன். "அக்கா, நீங்கள் எங்கட அரசர் எண்டு சொன்னீங்கள்."

"பின்ன? வகுப்புக்கு முன்னால நிண்டு உங்கட அரசர் எண்டால், மடம் தன்ர அரசர் எண்டெல்லோ நினைப்பா."

அவர் சிரித்தாரா என்று பார்த்தேன். சால்வையை மூக்குவரை சுற்றியிருந்தார், தெரியவில்லை.