கை வைத்தால் அணையும் அடுப்பு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கண் தெரியாதவன், அட்டையில் வெட்டிய சந்துக்குள் பேனாவை ஓட்டி எழுதுகிறேன். வரி மேல் வரி ஏறியிருக்கலாம். எழுத்துப் பிழைக்குக் கண் காரணமில்லை, ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றபடி கீழே எழுதியிருப்பதற்குக் கேட்பதாக இல்லை.

சர்க்கரையில் கண் போயிற்று. கண்ணோடு பம்மல் பட்டறை வேலையும் போயிற்று. ஒரு நாள் கேஸ் அடுப்பில் என் கைலி நுனி கருகியது. அன்றே என் மனைவி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் பார்த்துவந்த தையல் வேலையை விட்டுவிட்டு எனக்குக் காவல் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "அந்தாளு தானா ஒரு டீ போட்டுக் குடிக்கட்டும் சார், வந்துடறேன்" என்பாள். அந்தாள் நான்தான்.

அதனால்தான், வண்டலூர் பக்கம் ஒரு கம்பெனி பார்வையற்றோரோடு சேர்ந்து மின்சார அடுப்பு ஒன்றை வடிவமைக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத நானும் போனேன்.

முதல் நாள், எங்கள் கஷ்டத்தைப் புரிந்துகொள்வதற்காக என்ஜினியர்கள் ஆளுக்கொரு துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு டீ போட்டார்கள். ஒரு பெண் விரலைச் சுட்டுக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கும் நடுவயதில் பார்வை போனதுதான். "கட்டிக்கினா அழுவுது, அவுத்தா நின்னுடுது. நல்ல வசதி" என்றார்.

பிறகு மஞ்சளும் பச்சையுமாம், சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, பிடித்த யோசனைக்கு நேராக எங்களை நிற்கச் சொன்னார்கள். "இன்னாண்ண, திருடனுங்கள அடையாளம் காட்டவா நிக்க வெச்சிக்கிறானுங்க?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

கண்ணைக் கட்டிக்கொள்பவருக்குத் தெரிவது குருட்டுத்தனத்தின் முதல் நாள் மட்டுமே. அந்த முதல் நாள் பயத்துக்குத்தான் அடுப்பு செய்தார்கள். கை கிட்டே வந்தால் அது தானாக அணைந்துவிடும். அதில் அவர்களுக்கு அத்தனை பெருமை.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் குழுத் தலைவர் பணிவாகக் கேட்பார்: "எப்டி இருந்துச்சு சார்?" மதியம் பிரியாணி போடுவார்கள். ஒருவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அவரிடமே குறை சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. வெந்நீர் ஆகாத தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சூப்பர் சார்" என்றோம். அத்தனை வாய் பேசும் அக்காவும் "சூப்பர் தம்பி" என்றார்.

அடுப்பை என் வீட்டில் வைத்துப் பார்க்கத் தலைவரே எடுத்துவந்தார். அதை நம்பி என் மனைவி, திங்கட்கிழமை வருவதாகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள். பால் பாத்திரத்தை வைத்தேன். நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று விளிம்பைத் தொட்டேன். "எச்சரிக்கை. தங்கள் கரம் அருகில் உள்ளது" என்று செய்தி வாசிப்பவர் குரலில் சொல்லி அடுப்பு அணைந்தது. மறுபடி போட்டேன். ஆவி வருகிறதா என்று உள்ளங்கையை மேலே காட்டினேன். மறுபடி எச்சரிக்கை, மறுபடி அணைந்தது. பால் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. மனைவி போனில் எண் அழுத்தும் சத்தம் கேட்டது. வரவில்லை என்று சொல்லத்தான்.

"கைய எடுத்துட்டு பண்ணுங்க சார்" என்றார் தலைவர்.

"கைய எடுத்துட்டா எதால சார் பாக்கறது?" என்றேன்.

"ஒவ்வொரு வாட்டியும் சூப்பர்னு சொன்னீங்களே?"

"அது பிரியாணிக்கு."

கை வந்தால் அணைவதை எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். பாதுகாப்பு விஷயம், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்.

மனைவி போனை வைத்துவிட்டாள். "இத்த நவுத்து தம்பி" என்று சொல்லி, பாலைக் கேஸ் அடுப்புக்கு மாற்றினாள். "கைலிய மடிச்சிக் கட்டு. நீயே பத்தவை. நான் பின்னால நிக்கிறேன்" என்றாள்.

பற்றவைத்தேன். விளிம்பைத் தொட்டுப் பாத்திரத்தைச் சரிசெய்தேன். எங்கே சூடு அதிகம் என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. பொங்குவதற்குள் இறக்கினேன். அவள் மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது, கை மட்டும் படவில்லை. முதல் டம்ளரைத் தலைவருக்குக் கொடுத்தேன்.

"எப்டி கீது தம்பி?" என்று என் மனைவி கேட்டாள்.

"சூப்பர்க்கா."

"உண்மைய சொல்லு."

அவர் இன்னொரு வாய் உறிஞ்சினார். "சக்கரை இல்லக்கா" என்றார்.

"ஆங். இப்டி சொல்லணும்" என்று சொல்லிச் சர்க்கரை போட்டாள்.

அந்த அடுப்புக்கு ஏதோ பரிசு கிடைத்ததாம், இட்லிக்கடை அக்கா போனில் சொன்னார். பயன்படுத்துவோர் சொன்னதைக் கேட்டே செய்தோம் என்று மேடையில் பேசினார்களாம். அதில் பொய் இல்லை.

என் மனைவி காலையிலேயே கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நான் மட்டும்தான். டீ குடித்துவிட்டு இதை எழுதி முடித்தேன்.

11.8.2025, திங்கட்கிழமை.