உதட்டைக் காட்டு

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா என்னையும் தம்பியையும் சுவரில் மாட்டிய வரைபடத்தின் முன் நிறுத்துவாள். இருவரில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஊரைத் தொட வேண்டும். தொட்ட ஊரின் சமையல்தான் அன்று மதியம். அம்மா வேலூரில் நர்ஸாக இருந்தாள். கூட வேலை பார்த்த பல ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டையே நிரப்பி வைத்திருந்தாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது, என்ன விளையும், எந்தப் பண்டிகைக்கு இதைச் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டே கிளறுவாள். ஆம்பூரை விட்டு அமிர்தி அருவியைத் தாண்டாத நாங்கள் கோட்டயத்தையும் சித்தூரையும் தின்றுதான் தெரிந்துகொண்டோம். பள்ளியில் எனக்குப் புவியியலில் மட்டும் மார்க் குறைந்ததே இல்லை.

எந்த ஊரானாலும் ஒரு சட்டம் உண்டு. வேர்க்கடலை வீட்டுக்குள் வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்பார்கள். சித்தூர் மல்லாட்டைச் சட்னியைக்கூட அம்மா எள்ளு போட்டுத்தான் அரைப்பாள். அது உங்களுக்கு ஒத்துக்காது, தின்றால் உதடு வீங்கி மூச்சு நின்றுவிடும் என்று சொல்லி வைத்திருந்தாள். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள். நானும் தம்பியும் அவற்றைப் பாம்புப் புற்றைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போவோம்.

சமைத்து முடித்ததும் எங்களுக்கு உடனே போடமாட்டாள். சின்ன எவர்சில்வர் தட்டு ஒன்றை யாரும் உட்காராத இடத்தில் வைத்து, அதில் ஒரு கரண்டி பரிமாறிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள். பதினைந்து நிமிடம் பேச்சே இருக்காது. யாரோ உட்கார்ந்து சாப்பிடுவதுபோல அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகுதான் எங்களுக்கு. நாங்கள் இரண்டு வாய் தின்றதும், "உதட்ட காட்டு" என்பாள். தட்டின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. அது என் பெயரும் இல்லை, தம்பி பெயரும் இல்லை. கடைக்காரன் பெயரை மாற்றி வெட்டிவிட்டதால் கம்மி விலைக்குக் கிடைத்தது என்றார் அப்பா. எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் அளவு தப்பிய ஜோடிகள் கம்மி விலைக்குப் போவதைப் பார்த்திருந்ததால் நானும் நம்பினேன்.

பக்கத்து வீட்டில் காலா இருந்தார். உருதுவில் சித்திக்குக் காலா. நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். அம்மா எங்களை நம்பிச் சாப்பிட விட்டது அந்த ஒரு வீட்டில்தான். காலா வீட்டுப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை நான் வழித்து வழித்துத் தின்பேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது காலா தன் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்னை அழைத்துப் போனார். இலையில் பிரியாணி விழுந்த நேரத்தில் மணப்பெண் வீட்டார் கூப்பிட, இதோ வந்துடறேன் என்று எழுந்து போனார். கத்திரிக்காய் வந்தது. காலா வீட்டில் தின்றுதின்று பழகிய பண்டம்தானே என்று இரண்டு துண்டு தின்றேன். நாக்கில் புதிதாக ஏதோ நரநரவென்றது. பரிமாறிய அம்மாளிடம் இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"மல்லாட்டயும் எள்ளும் அரச்சு ஊத்தினதும்மா. அது இல்லாம ஆம்பூர்ல கத்திரிக்கா ஏது?"

கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்த காலாவிடம், "மல்லாட்ட தின்னுட்டேன்" என்றேன். அவர் ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் என் வாயையே பார்த்தபடி, "யா அல்லா, இன்னொரு தபா வேணாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் 'இன்னொரு தபா' ஏன் என்று தெரியவில்லை.

வீட்டில் அம்மா அலமாரியிலிருந்து ஊசியை எடுத்து மருந்தை ஏற்றி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். யாரும் உட்காராத அந்த இடத்தில் என்னை உட்கார வைத்திருந்தாள். கடிகாரம் மட்டும் ஓடியது. பதினைந்து நிமிடம் ஆயிற்று.

"உதட்ட காட்டு."

காட்டினேன். நாக்கைப் பார்த்தாள், கழுத்தைத் தடவினாள், முதுகில் காது வைத்துக் கேட்டாள். அரை மணி, ஒரு மணி. எனக்குப் பசிக்கத் தொடங்கியது.

எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள் என்பதும், நான்கு வயதில் காலா ஊட்டிவிட்ட கத்திரிக்காய்தான் அவள் கடைசியாகத் தின்றது என்பதும், அன்றிலிருந்து காலாவும் தன் அடுப்பில் மல்லாட்டையை ஏற்றவில்லை என்பதும் கல்லூரி போகும் வயதில்தான் எனக்குத் தெரிய வந்தன. தட்டில் பெயரை மாற்றி வெட்டவில்லை.

அன்றைக்கு அம்மா வாசலில் நின்ற காலாவைப் பார்த்து, "இவளுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள். ஊசியைக் கீழே வைத்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு ஒன்றும் ஆகாததற்கு இவர்கள் ஏன் அழ வேண்டும்? ஏதாவது ஆகியிருக்க வேண்டும் போலிருக்கிறது, நான்தான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்து, அவர்களுக்காகக் கொஞ்சம் இருமிப் பார்த்தேன்.