குமணன்சாவடியில் ஒரே பகலில் துருப்பிடித்த பெயர்ப்பலகை

புறப்படும் முன் நோட்டில் எழுதிய வரிசை இது. திருத்தாமல் தருகிறேன்.

1. கள்ளிக்குப்பத்திலிருந்து குமணன்சாவடி போகும் வழி.
2. புது இரும்பின் மேலிருக்கும் எண்ணெயை முதலில் நீக்க வேண்டும்.
3. உப்புநீரில் முழுதாக மூழ்கிய இரும்பே மிக விரைவில் துருப்பிடிக்கும்.
4. மாலைக்குள் வீடு திரும்பலாம்.

போன வியாழக்கிழமை போனேன். மறுநாள் காலை ஆவடியில் மகள் சுமதியின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம். வாசலில் துருநிறத்தில் இரும்புப் பெயர்ப்பலகை வேண்டும் என்பது அவள் ஆசை. பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. "அப்பா கெமிஸ்ட்ரி படிச்சவர், நிஜத் துருவே வரவெப்பார்" என்று சொல்லிவிட்டாள். நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு முப்பத்தோரு ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். மறுக்கத் துணிவில்லாமல் தலையாட்டினேன்.

காலை 7.40க்கு ஷேர் ஆட்டோ, அம்பத்தூர் ஓ.டி. வரை 15 ரூபாய். அங்கிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் பேருந்து, 25 ரூபாய். 9.20க்கு இறங்கி, மெட்ரோ தூண்களை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். (ஆட்டோவும் உண்டு. எனக்குப் பேரம் பேசக் கூச்சம்.)

வெல்டிங் பட்டறைக்காரர் கன்னியப்பன் பலகையை வெட்டி வைத்திருந்தார்.

"துரு வரக்கூடாதுன்னுதான் சார் அல்லாரும் வருவாங்க. நீ இன்னா, துரு வேணும்னு வந்துகீறே?"

"பொண்ணு ஆசைப்பட்டா."

"எங்க ஊட்டு கேட்டுல நெறைய கீது. சுரண்டி எட்துகினு போ."

உப்புத்தாள் தேய்த்து, சோப்புநீரில் கழுவி, வினிகர் தெளித்துக் காயவைத்தேன். எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க, அதேபோல் கழுவிய மிச்சத் துண்டு ஒன்றை உப்புநீரில் முக்கி எடுத்து மதில்மேல் வைத்தேன். தண்ணீர் திட்டுத் திட்டாக ஒதுங்காமல் சீராகப் படர்ந்தது. திருப்தியோடு பலகையை உப்புநீர்த் தொட்டியில் மூழ்கவைத்தேன்.

மணி 12.30. பலகை இன்னும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. மாப்பிள்ளையின் பெயின்ட் டப்பா கண்ணில் நின்றது. சுமதியை அழைத்துச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

"அண்ணாத்தே, போன வையி. மதிலு மேல வெச்சியே, அத்த பாத்தியா?" என்றார் கன்னியப்பன்.

வெயிலில் காய்ந்த துண்டு முழுக்க ஆரஞ்சு நிறம்.

"தண்ணிக்குள்ளவே கெடக்குற கம்பி சீக்கிரம் போவாது சார். நனைஞ்சி காஞ்சி, நனைஞ்சி காயிற கேட்டுதான் மொதல்ல போவும்."

தொட்டிநீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம். அதுவும் இரும்பை மெதுவாகத்தான் எட்டும். மெல்லிய ஈரப்படலத்துக்கோ காற்று கைக்கெட்டும் தூரத்தில்! பலகையை வெளியே எடுத்தேன். பக்கத்து மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி வந்து, அதில் உப்பைக் கரைத்துத் தெளித்தேன். சீறி நுரைத்தது. வெயிலில் காயவிட்டு மறுபடி தெளித்தேன். கால் மணிக்கு ஒரு முறை, ஆறு முறை. மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு செங்கல் நிறமானது. கன்னியப்பன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வேண்டும் என்பதே இருவருக்கும் மறந்துபோனது.

செய்ய விரும்புவோருக்கு: கையுறையும் கண்ணாடியும் அவசியம், திறந்தவெளியில் செய்யுங்கள். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். முடிவில் கழுவி, உலர்த்தி, நிறமற்ற வார்னிஷ் பூசாவிட்டால் சுவரில் கறை வழியும். ஆறே காலுக்கு வீடு சேர்ந்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை பலகையை விரலால் தடவிப் பார்த்து, "பெயின்ட் இல்லையே" என்றார். சுமதி என்னைப் பார்த்தாள். நான் கன்னியப்பனை நினைத்துக்கொண்டேன்.

மேலே உள்ள மூன்றாவது குறிப்பு தவறு. துருப்பிடிக்கத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேர்வில் இதை நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.