ஸ்டேஷன் குதிரையில் மாப்பிள்ளை அழைப்பு

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் எனக்கு இந்த அவமானமே இல்லை. எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூரில் ஓர் உரக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பெண் அரியலூர். அவளுடைய தாய்மாமன் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "தம்பிக்கு வேற என்னென்ன தெரியும்?" என்று கேட்டார். சைக்கிள் தெரியும் என்பதுதான் உண்மை. அந்த நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "குதிரை ஏறுவேங்க" என்று சொல்லிவிட்டேன். பயந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பொய் வரும்.

அவர் தொடையைத் தட்டினார். "அப்பறம் காரு எதுக்கு? மாப்ள அழைப்பு குதிரையிலதான்!"

கல்யாணத்துக்கு மூன்று வாரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி அரியலூர் ரயிலடிக்குப் போனேன். வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். அதில் ஒல்லியாக, என்னைவிட இரண்டு வயது சின்னவராக ஒருவர் இருந்தார். எல்லாரும் பாய் என்று கூப்பிட்டார்கள். அவர் ஒருவரிடம்தான் உண்மையைச் சொன்னேன். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாய்."

"சொல்ல மாட்டேன் மாப்ள சார். அல்லா மேல ஆணையா சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்றத நீங்க கேக்கணும்."

ஊருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையைத் தாண்டி, ஒரு வறண்ட ஏரி. அங்கே வண்டியை அவிழ்த்துவிட்டு, குதிரை முதுகில் சாக்கை மடித்துக் கட்டினார். கால் வைக்க இரண்டு பக்கமும் கயிற்றில் வளையம். நான் நேராகக் குதிரையின் வால் பக்கம் போனேன்.

"யோவ் சார்! பின்னால வராதீங்க, ஒதச்சிரும். முன்னால வந்து மூஞ்சியக் காட்டுங்க. யாரு வந்துருக்கான்னு அதுக்குத் தெரியணும்ல."

அதுதான் முதல் பாடம். முகத்தைக் காட்டினேன். குதிரைக்குப் பிடிக்கவில்லை போல, தும்மியது. இடது பக்கமாக ஏறு, முட்டியால் அணைத்துக்கொள், கீழே பார்க்காதே, காதுகளுக்கு நடுவே பார், கடிவாளத்தை இழுத்துக்கொண்டே குதிகாலால் உதைக்காதே. கேட்க எளிது. முதல் தடவை நான் ஏறிய வேகத்தில் அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன். இரண்டாம் தடவை உட்கார்ந்தேன். குதிரை ஓர் அடி எடுத்து வைத்தது. "நிறுத்துங்க, ஊருக்குப் போறேன்" என்று கத்தினேன். மூன்றாம் ஞாயிறு ஏரியை ஒரு சுற்று வந்துவிட்டேன், பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததால்.

மாப்பிள்ளை அழைப்புக்கும் இதே குதிரையைத்தான் பேசியிருந்தார்கள். பாய் கடைசியாக ஒன்று சொன்னார். "சாயங்கால ரயில் ஊதுனா இது ஸ்டேஷனுக்குத் திரும்பிரும் சார். வருசக்கணக்குப் பழக்கம். அதுக்கு முன்னாடி ஊர்வலத்த முடிச்சிரணும். தப்பித்தவறித் திரும்பிட்டா இழுக்காதீங்க. அது பாட்டுக்குப் போயி நின்னுரும்."

அழைப்பு அன்று நாலு மணிக்குக் கோயிலிலிருந்து கிளம்புவதாக ஏற்பாடு. தா.பழூரிலிருந்து மேளக்காரர்கள் வரவேண்டிய பஸ் வரவில்லை. ஐந்து மணிக்குத்தான் வந்தார்கள். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலையோடு குதிரை மேல் நான். பாதி வழியில் பாய் என் முட்டி அருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"ரயில் வர நேரமாச்சு சார். எறங்கி நடந்துருங்க. குதிரைக்குக் கால் வலின்னு நான் சொல்லிக்கிறேன்."

பழியைக்கூட அவர் மேல் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். நான் எதிர் மாடியைப் பார்த்தேன். நாலைந்து பெண்கள். என்னைத்தான் பார்க்கிறார்கள்.

"பேசாம நடத்துய்யா" என்றேன். மூன்று ஞாயிறு 'வாங்க போங்க' என்று பேசிய வாய்.

ரயில் ஊதியது. குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. அது திரும்பியது. பாய் சொன்னது ஒன்றுகூட நினைவில் இல்லை. இழுத்தேன், உதைத்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். கயிறு பாய் கையிலிருந்து நழுவியது. மேளக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "முருகா, யம்மா, யாராச்சும் புடிங்கடா" என்று கூவியபடி, மாப்பிள்ளையான நான் பெண் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் போனேன். தலைப்பாகை முதலில் போனது, பிறகு மாலை.

குதிரை யாரையும் இடிக்கவில்லை. ரயிலடிக்குப் போய், வரிசையில் தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். தகரப் பெட்டியோடு வந்த ஒருவர், "பஸ் ஸ்டாண்டு போவுமா?" என்று கேட்டார்.

இதுவரை சிரிக்கலாம். நானே பல இடங்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

பின்னாலேயே எல்லாரும் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் பாய். "ஒண்ணும் ஆவலியே சார்?" என்று என்னை இறக்கிவிட்டார். அடுத்து வந்த தாய்மாமன், "பழக்கமில்லாத குதிரையக் கொண்டாந்து மாப்ளயக் கொல்லப் பாத்தியாடா?" என்று பாயின் கன்னத்தில் அறைந்தார். மற்ற வண்டிக்காரர்கள், ரயிலில் வந்தவர்கள், அத்தனை பேர் நடுவில். பாய் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வார்த்தைக்காகத்தான் தாய்மாமனும் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க. குதிரை சரியில்ல" என்றேன்.

சொல்ல மாட்டேன் என்று பாய் ஆணையிட்டிருந்தாரே. ஊர்வலத்துக்காகப் பெண் வீட்டார் குதிரை மேல் போர்த்தியிருந்த ஜரிகைத் துணியை உருவி, மடித்து, தாய்மாமன் கையில் கொடுத்தார்.

ஊர் என்னைப் பாவம் என்றது. கல்யாணம் நன்றாக நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, திருச்சியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு ரயிலில் அரியலூர் வந்து மனைவியோடு இறங்கினேன். வரிசையில் முதல் வண்டி அவருடையது. தாண்டிப் போக முடியாது. "வாங்க" என்றார். 'மாப்ள சார்' இல்லை. ஏறினோம். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் வந்தது, "குதிரை நல்லாருக்கா?"

"அது எப்பவும் நல்லாத்தாங்க இருந்துச்சு."

மனைவி கேட்டாள், "ஒங்களுக்கு இவர முன்னாடியே தெரியுமா?"

நான் வண்டியின் கூரையைப் பார்த்தேன். பாய்தான் திரும்பாமலே பதில் சொன்னார். "இல்லம்மா. அன்னைக்கு ஊர்வலத்துல பாத்ததுதான்."

பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. குதிரை வண்டியில் இறங்குவது பின்பக்கமாகத்தான். இறங்கிய பிறகு நாலடி நடந்து முன்னால் போய், அவருக்கு என் முகத்தைக் காட்டியிருக்க வேண்டும். முதல் ஞாயிறே படித்த பாடம். நான் பையைத் தூக்கிக்கொண்டு, பின்னாலிருந்தே, பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டேன்.